ஆளுக்கு ஒரு டிஸ்க்

கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவரை யாரும் வீடியோ எடுப்பதில்லை. என் கணவர் காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை எதுவானாலும் அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். பக்கத்தில் ஒக்கூரில் மாலையும் கழுத்துமாக நின்ற பாதிப்பேர் அவருக்கு முன்னால் நின்றவர்கள்தான். ஆனால் அவர் செத்த அன்றைக்கு மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த துளிப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். முகம் கலங்கி, யாரோ ஓர் ஆள் போல இருக்கிறது. இன்றைக்கும் அதுதான் சுவரில் தொங்குகிறது. தூசி துடைப்பேன். அதற்கு மேல் அதை நான் நின்று பார்ப்பதில்லை.

படத்தில் இல்லாத மனிதர் சத்தத்தில் இருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஊரையே அதட்டுவார். கேசட்டை ஓடவிட்டால் நாதஸ்வரத்துக்கு மேலே அவர் குரல்தான் நிற்கும். "அத்தாச்சி, கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, தாலி தெரியல!" "மாப்ள, பொண்ணப் பாக்க இன்னும் ஆயுசு கெடக்கு, இப்ப இங்குட்டுப் பாருங்க!" "குலவைய நிறுத்தாதீக, இன்னும் மூணாவது முடிச்சு விழுகல!"

கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கிற கேசட்டில் இந்தச் சத்தம் இருக்காது. சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார். காசு கொடுத்தவர்களும் பாட்டைத்தான் கேட்டார்கள், வீடியோக்காரன் அதட்டலை யார் கேட்டார்கள்? வெட்டாத, ஒட்டாத மூலக் கேசட்டில் மட்டும்தான் அவர் குரல் இருந்தது. அந்தக் குரல் எப்படி என் வீட்டை விட்டுப் போனது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒருநாளும் அவரோடு கல்யாண வீட்டுக்குப் போனதில்லை. கூப்பிடுவார்கள். ஆனால் வீடியோக்காரர் சம்சாரம் என்று கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார வைப்பார்கள். அந்தச் சாப்பாடு எனக்கு எதற்கு? பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டால் அதையும் தொடமாட்டேன். பிள்ளைகள் தின்பார்கள். எனக்குப் பழைய சோறு போதும். அதனால் அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. பிறகு கேட்கத்தான் செய்தேன், அதுவும் வயசான காலத்தில்.

எல்லார் கையிலும் போனில் கேமரா வந்த பிறகு ஸ்டுடியோவுக்கு ஆள் வருவது நின்றது. ஷட்டரை இறக்கிவிட்டு, பரணில் கிடந்த கேசட்டுகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நடுக்கூடம் முழுக்கக் கேசட்டு. பல கேசட்டில் நாடா வெள்ளை பூத்துப்போயிருந்தது. ஊறுகாயில் பூஞ்சை பிடிப்பதைப் போல.

"இன்னும் ரெண்டு மழை பாத்தா எல்லாம் போச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்திரணும்" என்றார்.

"ஏத்தி?"

"ஏத்தி வைக்கணும்."

"யாரு பாக்க?"

"நீ பாரேன்" என்றார்.

மூத்த மகன் காரைக்குடியிலேயே வங்கியில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று சொந்தத்தில் பெயர். அவன் கடையில் கட்டிய கம்ப்யூட்டரே வாங்கித் தருகிறேன் என்றான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்காரன் உள்ள என்னத்த மாட்டிக் குடுத்தான்னு எனக்குத் தெரியாது. கேமராவப் பிரிச்சு மாட்டினவனுக்கு இது ஒரு வேலையா?" என்று மதுரைக்குப் போய் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்கான இரும்புக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாராம். பக்கத்தில் இருந்தவர் உள்ளே கோழி இருக்கிறதா என்று கேட்டாராம்.

என் பழைய சேலையைக் கட்டிலில் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். பச்சைப் பலகை ஒன்று, அதற்கு மதர்போர்டு என்று பெயர். சின்னக் காற்றாடி. சிவப்பு நாடா போல வயர்கள். அப்புறம் இரண்டு ஹார்டு டிஸ்க். கையில் எடுத்தால் செங்கல் போலக் கனம். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே எழுத்து. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

ஒவ்வொரு சாமானையும் தொடுவதற்கு முன்னால் எழுந்துபோய் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வந்தார். நானும் இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

"அந்த பீரோவுல என்ன சாமியா இருக்கு? தொட்டுத் தொட்டுக் கும்புடுறீக?"

"ஒடம்புல கரண்டு நிக்கும்த்தா. அது பலகையில எறங்குனா பலகை செத்துப்போகும். பீரோவுல எறக்கிட்டு வாரேன்."

"இத்தன வருசமா ஒங்க ஒடம்புல கரண்டு இருக்குறது எனக்குத் தெரியாமப் போச்சே."

சிரித்துவிட்டார். சிரித்ததில் ஒரு திருகாணி கூட்டுக்குள் விழுந்துவிட்டது. நான் டார்ச் அடித்துப் பார்த்து, கொண்டை ஊசியை எடுத்து உள்ளே விட்டேன். "இரும்ப உள்ள விடாத! எடு கைய!" என்று கல்யாண வீட்டில் கத்துகிற மாதிரியே கத்தினார். கையை எடுத்தேன், திருகாணியோடுதான் எடுத்தேன்.

மாட்டி முடித்து மின்சாரம் கொடுத்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அது இங்கிலீஷ். அந்தப் பலகையிலேயே இரண்டு டிஸ்கையும் சேர்த்து வேலை வாங்குகிற வசதி இருக்கிறதாம், அதற்கு ரெய்டு என்று பெயர் சொன்னார். அன்றைக்கு வந்திருந்த அவர் அண்ணன், என் மூத்தார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்ல ரெய்டா? வந்தா என்னத்தடா எடுத்துட்டுப் போவான்?" என்றார்.

அந்த ரெய்டுக்குள் நுழைய, ஓர் எழுத்து திரையில் வந்து மறைவதற்குள் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும். இவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குள் அது ஓடிவிடும். மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி தவறவிட்டு. கடைசியில் என் இரண்டு விரலையும் பிடித்து இரண்டு பட்டன் மேலே வைத்தார். "நான் 'ம்'னு சொன்னதும் அமுக்கு." அவர் சொல்வதற்கு முன்னாலேயே அமுக்கினேன். அது சரியாக விழுந்துவிட்டது. உள்ளே ஒரு கட்டம் கட்டமான பக்கம் வந்தது. பேர் என்ன வைக்கட்டும் என்று அது கேட்டதாம். ஸ்டுடியோ பேரையே அடித்தார். அதற்கு அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. இரண்டு டிஸ்கையும் எப்படிச் சேர்ப்பது?

அதற்காக மூத்தவனுக்குப் போன் போட்டார். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, மிரர்னு இருக்கும் பாருங்க, அதப் போடுங்க. ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு கெட்டாலும் ஒண்ணு இருக்கும்."

"சரிப்பா" என்று போனை வைத்தார். வைத்த கையோடு என்னைப் பார்த்து, "அவன் சொல்றதக் கேட்டா பாதி இடம் வீணாப் போகும். ரெண்டு வாங்கி ஒண்ணுல வைக்கிற அளவுதான் வைக்கணும்னா, ரெண்டு எதுக்கு?" என்றார். அந்தக் கூடத்தில் கிடந்த கேசட்டு அவ்வளவையும் ஏற்ற வேண்டுமே, அந்தக் கவலை அவருக்கு. அது மட்டுமில்லை, மகன் சொல்லி அவர் எந்த வேலையையும் செய்தவர் இல்லை. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசவும் மாட்டார். சரிப்பா என்பார், தன் இஷ்டத்துக்குச் செய்வார்.

அவர் போட்டது வேறு. "ரெண்டும் சேந்து ஒரே டிஸ்க் ஆயிரும். படத்தத் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல, மாத்தி மாத்தி எழுதும். வேகமும் சாஸ்தி, இடமும் சாஸ்தி."

"ரெண்டு பொம்பளைக ஒரு ஒரல்ல மாத்தி மாத்திக் குத்துற மாதிரியா?"

"அதேதான்."

"ஒருத்தி கைய எடுத்துட்டா?"

"அவள எதுக்கு எடுக்கச் சொல்ற?" என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பட்டனை அமுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுக்க இந்த வேலைதான். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். நாடா சிக்கிக்கொள்ளாமல் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். நான் அடுப்படியில் இருப்பேன். கூடத்தில் இருந்து அவர் இளவட்டக் குரல் கத்திக்கொண்டே இருக்கும். திருக்கோஷ்டியூர் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் பெண்ணை நிமிரச் சொல்லி அவர் போட்ட போட்டில் அந்தப் பெண் அழுதேவிட்டது.

"ஒங்க சத்தத்துலயே அந்தப் புள்ளைக்குக் கல்யாண ஆசை போயிருக்கும்" என்றேன்.

"இப்ப அதுக்கு மூணு புள்ளை" என்றார்.

நான் போகாத கல்யாணத்துக்கெல்லாம் அப்படித்தான் அடுப்படியில் இருந்தே போனேன். யாரும் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. கரண்டு போனால் யுபிஎஸ் கீ கீ என்று கத்தும், இவர் பதறி ஓடுவார். ஏற்றி முடித்த கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். "அதான் உள்ள ஏறிருச்சே" என்றார். கூடம் காலியாயிற்று. எல்லாம் ஏறி முடிந்த வருஷமே மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூத்தவன் இரண்டையும் சமமாக வைப்பான் என்பது கணக்கு. வீடு என் காலம் வரைக்கும் எனக்கு என்று அவர் எழுதிவைத்துவிட்டார். மற்றதைப் பிரிக்க மூத்தாரும் பங்காளிகளும் நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னை உள் அறையில் உட்கார வைத்தார்கள். புருஷன் போனவள் அப்படித்தான் உட்கார வேண்டும். சாமான் இழுபடுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

மூத்தவன் ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டே போனான். அண்டாவுக்கு அண்டா, கட்டிலுக்குக் கட்டில், கேமராவுக்குக் கேமரா. கம்ப்யூட்டர் மட்டும் ஒற்றை. அதைத் திறந்தார்கள். உள்ளே ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்.

"இது சுளுவு" என்று மூத்தவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்கு. அப்பாவுக்கு நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். ஆளுக்கு ஒண்ணு."

"பாத்தியா, என் தம்பி சண்டை வரக் கூடாதுன்னு அப்பவே ஜோடியா வாங்கிருக்கான்" என்று மூத்தார் பூரித்துப்போனார்.

உள்ளே இருந்த என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் கேட்கவில்லை. பட்டனை அமுக்கின விரல் என்னுடையது என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அன்றைக்குச் சண்டை டிஸ்கால் வரவில்லை, கடையால் வந்தது. ஸ்டுடியோ இருந்த கடை ஒரு பங்கு, ஊருக்கு வெளியே இருந்த மனை ஒரு பங்கு என்று மூத்தவன் வைத்தான். தம்பி மனையைத்தான் எடுப்பான் என்று நம்பி வைத்தான். சின்னவன் திருப்பத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறவன், கடைவீதியின் அருமை தெரிந்தவன். கண்ணை மூடிக்கொண்டு கடையை எடுத்துவிட்டான். மூத்தவனுக்கு முகம் செத்துப்போயிற்று. தன் கையால் வைத்த பங்கு, யாரைக் குறை சொல்ல முடியும்? அதனால் தம்பியைச் சொன்னான். அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தைதான்.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னவன் தன் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறான். உள்ளே ஒன்றுமே இல்லை, புதுசாக அழித்து ஆரம்பிக்கலாமா என்று அது கேட்டதாம். உடனே எனக்குப் போன். "ஒன் மூத்த மகன் எனக்கு வெறும் டப்பாவ வச்சுக் குடுத்துருக்கான்மா. படத்தை எல்லாம் அவனுதுல ஏத்திக்கிட்டான்."

நான் மூத்தவனிடம் கேட்டேன். அவன் தன்னுடையதை மாட்டிப் பார்த்தான். அதுவும் அதே கேள்வியைத்தான் கேட்டது. "நல்லத அவன் எடுத்துக்கிட்டு என்னைத் திருடன்ங்கிறான்" என்றான். ஒரு டிஸ்கிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இரண்டு பேருமே அடுத்தவனிடம் எல்லாம் இருப்பதாகச் சத்தியம் செய்தார்கள்.

கடைசியில் மூத்தவன் டிஸ்கை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். அந்தக் கடைக்காரர் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, "சார், இது பாதிதான். இன்னொண்ணு எங்க?" என்றார்.

"தம்பிகிட்ட இருக்கு."

"அத வாங்கிட்டு வாங்க. ரெண்டையும் சேத்து மாட்டினா எல்லாம் வந்துரும். தனித்தனியா வச்சா ரெண்டும் வெத்துதான். ஆனா யாரும் இதுல புதுசா எதையும் எழுதிறாதீங்க."

எனக்கு அந்தக் கடை வாசலிலேயே உரல் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் போகவில்லை, எல்லாம் இருக்கிறது, இரண்டு டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும் என்று. இதைவிடச் சின்ன வேலை ஒரு வீட்டில் உண்டா?

திரும்பி வருகிற வழியிலேயே மூத்தவனிடம் சொன்னேன். "தம்பிக்கு ஒரு போன் போடு."

"நான் எதுக்குப் போடணும்? அவன் வந்து என் வாசல்ல நின்னு கேக்கட்டும், குடுக்குறேன்."

"நீ மூத்தவன்டா."

"மூத்தவன்னுதானே பங்கு வச்சேன்? வச்சதுக்கு என்ன கெடச்சுச்சு?"

கடைக்காரர் சொன்னதைச் சின்னவனுக்கு யார் சொல்வது? நானே பஸ் ஏறித் திருப்பத்தூர் போனேன். அவன் கடையில் உர மூட்டைக்கு நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவரு வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேம்மா. வேணும்னா அவரு டிஸ்கை இங்குட்டுக் கொண்டுவரட்டும்."

"ரெண்டு பேரும் வேணாம். கம்ப்யூட்டர் கடையில கொண்டாந்து குடுங்க. பொது எடந்தானே."

"அங்க குடுத்தா அவரு ஊருல இருக்கு கடை. முழுசையும் தன்னோடதுல ஏத்திக்கிட்டு எனக்கு நாமத்தப் போடுவாரு."

"அப்படி என்னடா இருக்கு அதுல? ஊரான் வீட்டுக் கல்யாணம்."

"அதத்தான் நானும் கேக்குறேன். ஊரான் வீட்டுக் கல்யாணத்த நீ பாத்து என்ன செய்யப் போற? வேணும்னா அவங்கவங்க வீட்ல கேசட்ட டிவிடியா மாத்தி வச்சிருக்காங்க, ஒண்ணு வாங்கிட்டு வாரேன்."

எனக்கு அது வரைக்கும் வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் போய் இதைச் சொல்லிக் கேட்பது எனக்குப் பெரிய இறக்கம். இருந்தாலும் சொன்னேன். "டிவிடியில சினிமாப் பாட்டுத்தான் இருக்கும். உங்கப்பா சத்தம் இருக்காது. அது இதுலதான் இருக்கு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தான். கண் கொஞ்சம் கலங்கின மாதிரிகூட இருந்தது. அதற்குள் ஆள் வந்து யூரியா கேட்டார். எழுந்து போனவன் திரும்பி வந்து, "தலைத்திவசத்துக்குள்ள பாப்போம்மா" என்றான். நான் நம்பினேன். வெறும் பேச்சுக்கு அதைச் சொல்வானா என்று நினைத்தேன்.

மூத்தவனிடமும் அதையே சொன்னேன், உங்கப்பா சத்தம்டா என்று. அவன் டிஸ்கை பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகியிருந்தான். "அவன் மொதல்ல எறங்கி வரட்டும்மா" என்றான். இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். வீம்பு யாரிடம் இருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், இரண்டு பேருக்கும் பால் கொடுத்தவள் நான்தான். ஆனால் என் வீம்பு ஒரு வேளைச் சோற்றோடு நின்றது. அடுத்தவர் பொருளை நான் பூட்டி வைத்ததில்லை.

திவசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சின்னவனை அழைக்க மறுபடி திருப்பத்தூர் போனேன். இந்தத் தடவை வீட்டுக்குப் போனேன். வாசலில், கொல்லையில், மாடிப்படியில் எல்லாம் புதுசாகக் கேமரா மாட்டியிருந்தான். மருமகள் காப்பி போடப் போனாள். இவன் டிவியைப் போட்டு எனக்குக் காட்டினான். "பாரும்மா, நீ கேட்டத் தெறந்து வர்றது."

பார்த்தேன். ஒரு கிழவி குடையை ஊன்றிக்கொண்டு கேட்டைத் தள்ளுகிறாள். சத்தம் இல்லாத படம்.

"நாலு கேமரா. ஒரு மாசம் வரைக்கும் அழியாம நிக்கும்" என்றான் பெருமையாக. "பெரிய டிஸ்க்ல."

"எந்த டிஸ்க்?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படிப் பக்கம் பார்த்தான், பிறகு கையைப் பார்த்தான்.

"கேமரா மாட்ட வந்தவன் டிஸ்க் தனியா வாங்கணும்னான். அப்பா டிஸ்க் சும்மாத்தானேம்மா கெடந்துச்சு. காலின்னுதானே காட்டுச்சு."

"கடைக்காரர் எழுதாதன்னு சொன்னாருன்னு நான் வந்து சொன்னேனேடா."

"சொன்ன. அண்ணன் எப்படியும் தரப்போறதில்லைன்னு விட்டுட்டேன்."

"திவசத்துக்குள்ள பாப்போம்னு சொன்னதும் நீதான்."

"இப்ப என்னம்மா பண்ணச் சொல்ற? வேணும்னா கழட்டித் தாரேன்."

கழற்றி என்ன செய்ய? என் கணவர் கத்தின இடத்தில் எல்லாம் இப்போது இவன் வீட்டுக் கேட்டு திறந்து மூடுகிறது. மருமகள் கொண்டுவந்த காப்பியை வாங்கவில்லை. வெயிலில் நடந்து பஸ்ஸ்டாண்டுக்கு வந்தேன். நான் போனதும் அதில் பதிவாகியிருக்கும், ஒரு மாதம் இருந்திருக்கும்.

இந்தச் செய்தியை நான் மூத்தவனிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டான். அவனுக்கு அது துக்கச் செய்தியாகவே இல்லை. திவசத்தன்று பங்காளிகள் எல்லாரும் இலைக்கு உட்காரக் காத்திருந்தார்கள். மூத்தார் படையலுக்குப் பக்கத்தில் இருந்தார். சின்னவன் வந்து வாசல் பக்கம் தூணோரம் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தான். அப்போது மூத்தவன் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் அந்த டிஸ்கை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். கலங்கின படத்துக்கு முன்னால் வைத்தான்.

"பெரியப்பா, எல்லாரும் கேளுங்க. அம்மா ஆசைப்பட்டுச்சு, அப்பா குரலக் கேக்கணும்னு. நான் என் பங்கக் குடுக்கத் தயாராத்தான் இருந்தேன். இந்தா வச்சுட்டேன். அழிச்சது யாருன்னு நீங்களே கேட்டுக்குங்க."

கூட்டத்தில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். "மூத்தவன் மூத்தவன்தான்யா" என்று யாரோ சொன்னார்கள். மூத்தாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அன்றைக்கு உள் அறையில் இல்லை. எழுந்து வந்து தாம்பாளத்தில் இருந்த டிஸ்கைக் கையில் எடுத்தேன். அதே கனம்தான்.

"எப்பக் குடுக்கத் தயாரா இருந்த?" என்று கேட்டேன்.

"எப்பவுமே தயாராத்தான்மா..."

"முந்தாநாள் வரைக்கும் இது ஒன் பீரோவுல இருந்துச்சு. சாவி ஒன் இடுப்புல இருந்துச்சு. அவன் அழிச்சுட்டான்னு தெரிஞ்ச பொறகுதானே ஒனக்கு வெத்தல பாக்கு வாங்கத் தோணுச்சு?"

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் வேட்டியைச் சரிசெய்தார். தூணோரம் இருந்து சின்னவன் லேசாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நீ சிரிக்காத. ஒன் வீட்டு வாசலக் காவல் காக்குறதுக்கு உங்கப்பன் சத்தத்த வித்தவன் நீ."

டிஸ்கை மூத்தவன் கையிலேயே கொடுத்தேன். "எடுத்துட்டுப் போ. ஒன் வீட்டுக்கும் நாலு கேமரா மாட்டிக்க. ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும். குறைச்சல் வந்தா அதுக்கும் பஞ்சாயத்து வைப்பீக."

இலை போடச் சொன்னேன். எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். எது எங்கே போனாலும் அன்றைக்குச் சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது, நான் சமைத்தது. இரண்டு மகன்களும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பாராமல் பாயசம் வரைக்கும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

நான் கோபத்தில் சொன்னதை மூத்தவன் யோசனையாக எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது வாசல் நிலைக்கு மேலே கேமரா இருந்தது. நான் அதற்குக் கீழே நின்று கதவைத் தட்டினேன்.